மின்னியின் அழுகையைக் கொண்டுபோன மந்திரவாதி

முன்னே முன்னே, ராத்திரியில் மணி என்ன என்று ஆந்தைக்கு மட்டும் தெரிந்திருந்த காலத்தில், வெண்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் காத்தாயி என்று ஒருத்தி, சடையன் என்று அவள் புருஷன், மின்னி என்று அவர்களுக்கு நாலு வயதுப் பெண் குழந்தை. மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஆனால் மூன்று பேருமே தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

மின்னி தூங்க மாட்டாள். சும்மா அடம் பிடிக்கிற குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. அதையெல்லாம் எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். இவள் வேறு. விளக்கை அணைக்கும்போதே உடம்பு விறைத்துவிடும். அழுவாள், உதைப்பாள், மூச்சு நின்றுவிடுமோ என்கிற அளவுக்குக் கத்துவாள். நடுச்சாமம் வரை காத்தாயி மடியில் போட்டு ஆட்டுவாள். தூங்க மாட்டாள். பாடுவாள். தூங்க மாட்டாள். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பாள். அப்போதும் தூங்க மாட்டாள்.

"அம்மா எங்கயும் போக மாட்டேன் கண்ணு. இங்கதான் இருக்கேன். கண்ணை மூடு."

இப்படி நூறு தடவை சொன்ன பிறகு, காத்தாயியின் முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மின்னி கண்ணை மூடுவாள்.

மூடின உடனே காத்தாயி என்ன செய்வாள் தெரியுமா? போய்விடுவாள்.

அவளைத் திட்ட வேண்டாம், முழுதும் கேளுங்கள். காத்தாயி அரண்மனைத் தோட்டத்தில் மல்லி மொட்டு பறிக்கிறவள். விடிந்தால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூ அம்மன் மாலைக்கு ஆகாது. அதனால் இருட்டோடு எழுந்து போனால்தான் வேலை. அதோடு அந்த நாட்டில் மொட்டுப் பறிக்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பறிக்கக் கிளம்பினதிலிருந்து கூடை நிறைகிற வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. மனுஷக் குரல் கேட்டால் விடிந்துவிட்டது என்று நினைத்து மொட்டெல்லாம் விரிந்துவிடுமாம். பேசினவளைத் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள்.

ஆக, காத்தாயி மின்னியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். கைக்குள் ஒரு பழைய சேலையைச் செருகுவாள். பூனை மாதிரி நழுவுவாள். சில நாள் வாசலைத் தாண்டுவதற்குள் மின்னி விழித்துக்கொண்டு, "ம்மா?" என்பாள். காத்தாயி பதில் சொல்லக் கூடாதே! வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருட்டில் நிற்பாள். "ம்மா? ம்மா?" என்று குழந்தை கூப்பிடக் கூப்பிட நடந்துவிடுவாள். தோட்டம் போகிற வரை கண்ணில் தண்ணீர் வழியும்.

அதற்குப் பிறகு விடிகிற வரை சடையன் பாடு.

"அம்மா இங்கதான் இருக்கா, படு!" என்பான்.

"இல்ல! பொய்!" என்று மின்னி கத்துவாள். நாலு வயசுக்கு அவளுக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது.

வைத்தியர் வசம்பு கொடுத்தார். பூசாரி வேப்பிலை அடித்தார். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "முதுகுல ரெண்டு வை, தன்னால தூங்கும்" என்றாள். காத்தாயி ஒரு ராத்திரி அதையும் செய்து பார்த்தாள். ஒரு அடிதான். மின்னி விக்கி விக்கி அழுதாள். அவளோடு சேர்ந்து காத்தாயியும் அழுதாள். யாரும் தூங்கவில்லை.

சடையன் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தான். ஒரு நாள் நின்றபடியே தூங்கி நெருப்புக்குள் சாயப் போனான். பக்கத்தில் இருந்தவர்கள் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இப்படியே போனா நான் செத்துருவேன் புள்ள" என்றான்.

"நான் மட்டும் உயிரோடயா இருக்கேன்?" என்றாள் காத்தாயி.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றான் நெடுமூக்கு மந்திரவாதி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய புங்கமரத்தடியில் இருப்பவன். மூக்கு முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். கையில் ஒரு சுரைக்குடுக்கை. அக்குளில் ஒரு கோரைப்புல் பொம்மை, ஆள் உயரத்துக்கு.

"பூக்காரி! உன் பிள்ளை சத்தம் என் மரம் வரைக்கும் வருது. நிறுத்தித் தரவா?"

"தூங்க வைப்பீங்களா சாமி?"

"சத்தம் வராதுன்னு சொல்றேன்."

"அதான், தூங்குவாளா?"

"அட, சத்தம் வராதும்மா! அதைத்தானே நீ கேட்ட?"

நன்றாகத் தூங்கி எழுந்த ஒருத்தி என்றால் அந்தப் பதிலில் என்னவோ இடிக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாள். காத்தாயிக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. "கூலி என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"காசு பணம் வேண்டாம். அவ அழுகையை நான் எடுத்துக்கறேன். உங்களுக்கு அது தொல்லைதானே?"

சடையன் சிரித்துவிட்டான். "எடுத்துக்கய்யா! மூட்டை கட்டி எடுத்துட்டுப் போ!"

மந்திரவாதி பொம்மைக்குக் காத்தாயியின் பழைய சேலையைச் சுற்றினான். மூன்று தடவை ஊதினான். பொம்மை மூச்சு விட்டது. உடம்பு சூடாயிற்று. மல்லி வாசனைகூட வந்தது. இருட்டில் பார்த்தால் காத்தாயியேதான்.

அன்று ராத்திரி காத்தாயி கிளம்பிப் போனதும் மின்னி விழித்தாள். பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள். அம்மா! சூடாக இருக்கிறாள், மூச்சு விடுகிறாள்.

"ம்மா?"

பொம்மை பதில் சொல்லவில்லை.

"ம்மா?"

பொம்மை திரும்பவில்லை.

"ம்மா?"

பொம்மை அசையவே இல்லை.

அம்மா இல்லாமல் பதில் வராதது ஒன்று. அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பதில் சொல்லாதது வேறு. மின்னி வாயைத் திறந்தாள், அழுகை வரவில்லை. அது மெல்லிசாக ஒரு நூல் மாதிரி வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த சுரைக்குடுக்கைக்குள் இறங்கிவிட்டது.

காலையில் தெருவே வந்து பாராட்டியது. "பரவாயில்லையே! பிள்ளையைத் தூங்கப் பழக்கிட்டீங்களே!" சடையன் மாதக்கணக்கில் பார்க்காத தூக்கத்தைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பாயின் கோடு பதிய எழுந்து வந்தான். மூன்று ராத்திரி இப்படிப் போயிற்று. மூன்று ராத்திரியும் வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

நாலாம் ராத்திரி கூடை சீக்கிரம் நிறைந்ததால் காத்தாயி இருட்டிலேயே திரும்பி வந்தாள். விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். சடையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பொம்மை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் மின்னி படுத்திருந்தாள். கண் இரண்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, தூங்கலையா?"

மின்னியின் கண்கள் முன்பு இருந்ததை விடப் பெரிதாக, உருண்டையாக இருந்தன. விரல்கள் மெலிந்து சேலையை இறுக்கிப் பிடித்திருந்தன. புறங்கையில் பூஞ்சை மாதிரி மெல்லிய மயிர்.

காத்தாயி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அப்படியானால் மூன்று ராத்திரியும் இவள் தூங்கவே இல்லையா? இருட்டில் தனியாக விழித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் கிடந்தாளா?

மறுநாள் ராத்திரி, மற்ற பெண்கள் காதுக்கு எட்டாத தோட்டக் கோடியில் அவள் கை மொட்டைப் பறித்தது, மனசு வீட்டில் இருந்தது. அப்போது மல்லிச் செடிக்குப் பக்கத்து வேலியில் இரண்டு பெரிய கண்கள் மினுங்கின. ஒரு தேவாங்கு. அது அவளையே பார்த்துவிட்டு, மனுஷ பாஷையில் பேசியது.

"ஆத்தா, மின்னியோட அம்மா நீதானே?"

காத்தாயி திடுக்கிட்டு நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"உன் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியணுமா?"

தலையை வேகமாக ஆட்டினாள்.

"வாயைத் திறந்து கேளு. ஊமையா நீ?"

காத்தாயி மொட்டுகளைக் காட்டினாள், வாயைக் காட்டினாள், கையை விரித்தாள்.

"பேசினா பூ விரிஞ்சிடுமா? நான் இவ்ளோ நேரமா பேசறேன், எது விரிஞ்சது?"

காத்தாயி செடியைப் பார்த்தாள். ஒரு மொட்டும் விரியவில்லை. அது தேவாங்குக் குரல், மனுஷக் குரல் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் யோசிப்பதை விட்டாள்.

"என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றாள். முதலில் மெதுவாக. அப்புறம் சத்தமாகவே, "என் பிள்ளைக்கு என்ன ஆச்சு சொல்லு!"

ஒரு மொட்டும் விரியவில்லை. காத்தாயி நின்று பார்த்தாள். இதற்காகவா? இந்தக் கட்டுப்பாட்டுக்காகவா அவள் அத்தனை ராத்திரி வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்?

"நானும் பிள்ளைதான் ஆத்தா" என்றது தேவாங்கு. "குயவர் வீட்டுப் பொண்ணு. என் அழுகையையும் அவன்தான் கொண்டு போனான். அதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து விளக்கு ஏத்துவான். விளக்கு எரியற வரைக்கும் அவனுக்குத் தூக்கமும் இல்ல, சாவும் இல்ல. அழுகை போன பிள்ளைக்கும் தூக்கம் இல்ல. அமாவாசை வந்தா தேவாங்கா ஆயிடும். அந்தப் புங்கமரத்துல ஏழு பேர் இருக்கோம்."

"அமாவாசைக்கு இன்னும் மூணு ராத்திரிதானே இருக்கு! நான் என்ன செய்யணும்?"

"அவ மறுபடி வாய்விட்டு அழணும். உன்கிட்ட அழணும். கூப்பிட்டா பதில் வரும்னு அவளுக்குத் தோணினாத்தான் அழுவா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. எங்க அம்மா இதைக் கேட்க வரவே இல்ல."

காத்தாயி எப்படியோ கூடையை நிரப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். புருஷனை எழுப்பினாள். நடந்ததைச் சொன்னாள். சடையன் எழுந்து விளக்கை ஏற்றினான். மகளின் புறங்கையைத் தடவிப் பார்த்தான். பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே காளவாய்க்குப் போனான். நெருப்பில் போட்டபோது அது காத்தாயி குரலில் "ஐயோ" என்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ராத்திரி. காத்தாயி மின்னியைத் தூங்கவைக்கப் பார்க்கவில்லை. விளக்கைப் பக்கத்தில் வைத்து, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மின்னி, அம்மா பொய் சொல்லிட்டேன். எங்கயும் போக மாட்டேன்னு சொல்லிட்டு தினமும் போனேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் போனேன். தப்பு. இப்ப சொல்லிட்டுப் போறேன். மொட்டு பறிக்கப் போயிட்டு, விடிவெள்ளி பனைமரத்துக்கு மேல வர்றதுக்குள்ள வந்துடுவேன். அப்பா பக்கத்துலயே இருப்பாரு."

மின்னி கூரையைப் பார்த்தாள்.

காத்தாயி போனாள். சடையன் உட்கார்ந்தான், மகள் முதுகில் கையை வைத்துக்கொண்டு. "அம்மா இங்க இல்ல. தோட்டத்துல இருக்கா. வருவா" என்றான். அவ்வளவுதான். கதை கிதை எதுவும் அவனுக்குத் தெரியாது. அதையே ராத்திரி முழுக்கச் சொன்னான். விடிவெள்ளி வருவதற்குள் காத்தாயி வந்தாள். "வந்துட்டேன் கண்ணு" என்றாள். மின்னி கூரையைத்தான் பார்த்தாள்.

இரண்டாம் ராத்திரி. காத்தாயி சொல்லிவிட்டுப் போனாள். சடையன் சொல்லிக்கொண்டே இருந்தான். விடிவெள்ளி வருவதற்குள் காத்தாயி வந்தாள். "வந்துட்டேன் கண்ணு" என்றபோது மின்னி தலையைத் திருப்பினாள். வாசலை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் கூரை.

"பார்த்தியா? திரும்பினாளே!" என்று சடையன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். ஆனால் மின்னியின் கை முழங்கை வரைக்கும் மயிர் அடர்ந்திருந்தது.

மூன்றாம் ராத்திரி அமாவாசை. காத்தாயி சொல்லிவிட்டுப் போனாள்.

மந்திரவாதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் விளக்கு நடுங்கியது. தோட்டத்தைப் பார்த்து மூன்று தடவை ஊதினான். காத்தாயி ஒரு மொட்டைப் பறித்தால் கூடையில் இருந்து இரண்டு மொட்டு காணாமல் போயிற்று. கை ஓயாமல் பறித்தாள். கூடை பாதிக்கு மேல் ஏறவே இல்லை. கிழக்கே வானம் லேசாக வெளுக்கத் தொடங்கியது.

காத்தாயி கூடையை அப்படியே கீழே வைத்தாள். தோட்டத்துக் கங்காணி அம்மாள் கையை ஆட்டி, உட்காரு, பறி என்று சைகை செய்தாள்.

"என் பிள்ளைகிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் காத்தாயி, எல்லோருக்கும் கேட்கும்படி.

முப்பது பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு செடிகளைப் பார்த்தார்கள். ஒரு மொட்டும் விரியவில்லை. முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி அம்மாளே கட்டுப்பாட்டை மறந்து, "போனா நாளைக்கு இங்க வேலை கிடையாது, ஆமா!" என்று கத்திவிட்டாள். அதற்கும் எதுவும் விரியவில்லை.

காத்தாயி ஓடினாள். வழியில் முள்வேலி முளைத்தது. கையால் விலக்கிக்கொண்டு ஓடினாள். வாய்க்காலில் வெள்ளம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினாள். பின்னாலிருந்து மின்னியின் குரல் கூப்பிட்டது. "ம்மா! நான் இங்க இருக்கேன்! ம்மா!" காத்தாயியின் கால் ஒரு கணம் நின்றது.

"என் பிள்ளை என்னைக் கூப்பிட்டு எத்தனையோ நாளாச்சுடா பாவி. அது அவ இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் சடையன் மகளின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. கைக்குக் கீழே உடம்பு சுருங்கிக்கொண்டே வந்தது. "அம்மா இங்க இல்ல. தோட்டத்துல இருக்கா. வருவா." ஜன்னலில் ஒரு மூக்கு தெரிந்தது. "அம்மா பக்கத்துலதான் படுத்திருக்கான்னு சொல்லேன்டா, பிள்ளை நிம்மதியா இருக்கும்" என்றது. சடையன் செம்பைத் தூக்கி மூக்கில் எறிந்தான். "வருவா" என்றான் மகளிடம்.

பனைமரத்தின் ஓலைக்குள் விடிவெள்ளி மினுக்கியது. இன்னும் ஒரு விரல் அளவு ஏறினால் மரத்துக்கு மேலே வந்துவிடும்.

கதவு படீரென்று திறந்தது. உடம்பெல்லாம் சேறும் முள் கீறலுமாக, மூச்சிரைக்க, காத்தாயி நின்றாள்.

"வந்துட்டேன் கண்ணு."

மின்னி திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். கீழ் உதடு பிதுங்கியது. மோவாய் நடுங்கியது.

கீழே விழுந்த பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் இல்லாதபோது எழுந்து தட்டிக்கொண்டு போய்விடும். அம்மாவைக் கண்ட பிறகுதான் அழும்.

மின்னி அழுதாள். சும்மா அழுகை இல்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே வீறலாக வந்தது. கூரை ஓலை அதிர்ந்தது, கொட்டிலில் மாடுகள் எழுந்து நின்றன. அடுத்த வீட்டுக்காரி, "ஐயையோ, மறுபடி ஆரம்பிச்சுட்டாளா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். காத்தாயியும் சடையனும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்தில் மந்திரவாதியின் சுரைக்குடுக்கை வெடித்தது. விளக்கு அணைந்தது. புங்கமரத்திலிருந்து ஏழு தேவாங்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்து ஏழு பிள்ளைகளாக எழுந்தன. அதில் ஒருவனுக்கு மீசையே முளைத்திருந்தது, அவ்வளவு காலம் ஆகிவிட்டது பாவம். ஏழு பேரும் அழுதுகொண்டே அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மந்திரவாதி மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தான், பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான், மரத்தடியில் சாய்ந்தான். முந்நூறு வருஷத் தூக்கம் அவனுக்குப் பாக்கி. எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

மின்னி அம்மாவின் மார்பில் குத்தினாள், கிள்ளினாள், அழுதாள். அழுதபடியே, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எச்சில் வடிய, தூங்கிப்போனாள். அவள் கையில் ஒரு மயிர்கூட இல்லை.

காலையில் கங்காணி அம்மாள் காத்தாயியை ராஜா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "தோட்டத்தில் பேசினாள். பாதிக் கூடையோடு ஓடினாள்" என்றாள்.

"பேசினாயா?" என்றார் ராஜா.

"பேசினேன் மகாராஜா."

"மொட்டு விரிந்ததா?"

கங்காணி அம்மாள் தன் கால் விரலைப் பார்த்தாள். "இல்லை மகாராஜா."

ராஜா யோசிப்பதற்குள் ராணி முன்னால் வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்னங்கரேலென்று வளையம். அரண்மனையிலும் ஒரு தூங்காத பிள்ளை இருந்தது, யாரும் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். "நீ உன் பிள்ளையிடம் என்ன சொன்னாய்? அதை மட்டும் சொல்" என்றாள்.

"போறதா இருந்தா போறேன்னு சொன்னேன் தாயே. வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வந்தேன். வேற மந்திரம் எனக்குத் தெரியாது."

அன்றோடு அந்தக் கட்டுப்பாடு ஒழிந்தது. சின்னப் பிள்ளை இருக்கிறவர்கள் விடிவெள்ளிக்கு முன்பே வீட்டுக்குப் போகலாம் என்று ராஜா உத்தரவு போட்டார். தோட்டத்தை ஒட்டியே காத்தாயிக்கு ஒரு வீடும் கொடுத்தார். கங்காணி வேலையையும் அவளுக்கே கொடுத்தார்.

அன்று முதல் மின்னி சமர்த்தாகத் தூங்கினாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். மறுநாள் ராத்திரி நாலு தடவை எழுந்தாள். "ம்மா?" என்றாள். காத்தாயி இருந்தால், "இருக்கேன்" என்றாள். இல்லாவிட்டால் சடையன், "தோட்டத்துல இருக்கா, வருவா" என்றான். அடுத்த வாரம் மூன்று தடவை. நடுவில் காய்ச்சல் வந்து பழையபடி ஆறு தடவை. அப்புறம் இரண்டு. இப்படியே மழைக்காலம் போயிற்று, பனிக்காலம் வந்தது.

பனிக்காலத்தில் ஒரு ராத்திரி காத்தாயி வழக்கம்போல் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "மின்னி, அம்மா மொட்டு பறிக்கப் போயிட்டு, விடிவெள்ளி வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். போம்மா, தூக்கம் வருது" என்று போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் மின்னி.

காத்தாயி கூடையை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் காலடிச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி நடந்து போனாள்.